பேராண்டி பூட்டு வாங்கப் போனான்

ஏலே, போனுக்கு வேற ஓஎஸ் போடப் போறேன், கூகுளுக்கு என்னையப் பத்தி ஒரு சங்கதி தெரியக் கூடாதுன்னு சபதம் எடுத்திருக்கியாமே. ரொம்ப சந்தோசம். சபதத்தை எங்கன எடுத்த? இன்ஸ்டாகிராம்ல. அதுவும் எந்தக் கடையில, எத்தனாவது பரோட்டாவுக்குச் சால்னா ஊத்திக்கிட்டு எடுத்தேங்கிறது வரைக்கும் படத்தோட. உங்கம்மா பாத்துட்டு எனக்குப் போன் போட்டா: "பாத்தியளாப்பா, வயிறு சரியில்ல, ராத்திரி கஞ்சிதான் குடிச்சேன்னு எங்கிட்டச் சொன்னான்."

மறைக்கணும்னு நினைக்கிறது நல்ல புத்திதான், நான் குறை சொல்லல. யாருகிட்ட இருந்து மறைக்கணும்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோ. கூகுள்கிட்டயா, சிம்மு கம்பெனிக்காரன்கிட்டயா, போனைப் பறிச்சிட்டு ஓடுதவன்கிட்டயா, போலீசுகிட்டயா, உங்கம்மாகிட்டயா? ஒவ்வொருத்தருக்கும் பூட்டு வேற வேற. உங்கம்மாவுக்கான பூட்டை மட்டும் இன்னும் எவனும் செய்யல.

நான் இந்த ஊரு கிளைத் தபாலாபீசுல போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒருத்தர் கவரைப் பிரிச்சதில்ல, கருப்பசாமி சத்தியமா. பிரிக்கத் தேவையே வரலங்கிறேன். பம்பாயில இருந்து மாசம் பொறந்தா வார மணியார்டர் ரெண்டு மாசம் நின்னு போச்சா? மவனுக்கு வேலை போயிருச்சு, இல்லாட்டி அங்கனயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். சாத்தூர் முத்திரை குத்தி, ஒரே கையெழுத்துல மூணு இன்லண்டு லெட்டர் அடுத்தடுத்து வந்துச்சா? நாலாவதுக்குப் பதிலா மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை விட்டு எறங்குவாவ. கோர்ட்டுல இருந்து ரிஜிஸ்தர் தபால் வந்துச்சுன்னா அண்ணன் தம்பி பாகம் பிரிக்காவ. உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு எழுத்துத் தெரியாம, ஊருல ஒவ்வொரு வீட்டுக் கதையும் எனக்கு அத்துப்படி. உன் வாட்ஸ்அப்பு 2016ல இருந்து கடுதாசிய நல்லா ஒட்டித்தான் அனுப்புது. உள்ள இருக்கிறதை மெட்டா கம்பெனி படிக்க முடியாது. ஆனா கவரு மேல இருக்க விலாசம்? யாரு, யாருக்கு, எந்நேரத்துல, நாளைக்கு எத்தனை தடவை. ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ யாருக்கு அனுப்புதேங்கிறது... சரி விடு, பக்கத்துல உங்க ஆச்சி நிக்கா.

அதுக்காக உன் பயம் வீண் பயம்னு சொல்ல மாட்டேன். அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல டக்ளஸ் லீத்துன்னு ஒரு புரொபசர், 2021ல போனைச் சும்மா மேசையில போட்டு வச்சு, அது யாருகூடப் பேசுதுன்னு ஒட்டுக் கேட்டாரு. மனுசன் கை படாத போனு, சராசரியா நாலரை நிமிசத்துக்கு ஒருக்க தாய்க் கம்பெனிக்குச் சேதி சொல்லிக்கிட்டே கிடந்துச்சாம். ஆண்ட்ராய்டும் அப்படித்தான், ஐபோனும் அப்படித்தான். அளவுல மட்டும், கூகுளுக்குப் போறது ஆப்பிளுக்குப் போறதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. நாலரை நிமிசத்துக்கு ஒருக்க! நீ சென்னைக்குப் போயி மாசத்துக்கு ஒருக்க, "தாத்தா, நல்லாருக்கியளா"ன்னு கேக்க. அந்தப் போனுக்கு இருக்க பாசம் உனக்கில்லலே.

லொகேஷனை அணைச்சு வச்சாலும் கூகுள் வேற வழியில இடத்தைத் தெரிஞ்சுக்கிடுதுன்னு அமெரிக்காவுல 40 மாநிலத்துக்காரங்க ஒண்ணாச் சேந்து நெருக்குனாங்க. 2022 நவம்பர்ல 39 கோடியே 15 லட்சம் டாலரைக் கட்டி அந்தச் சோலியை முடிச்சுக்கிட்டாவ. அதே வருசம் அக்டோபர்ல நம்ம நாட்டுப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூவா அபராதம் போட்டுச்சு. அது வேற குத்தம். போன் செய்யுத கம்பெனிக்காரன், கூகுள் ஆப்பு அத்தனையும் கட்டாயம் ஏத்தித்தான் விக்கணும்னு வச்சிருந்தாவ.

அந்தக் கட்டாயத்துலதான் சூட்சுமமே இருக்கு. ஆண்ட்ராய்டை 2005ல கூகுள் வாங்குச்சு, 2008ல மொத போனு வந்துச்சு. அடியில இருக்க புரோகிராம் எல்லாருக்கும் பொதுவாத் திறந்துதான் கிடக்கு. எவனும் எடுத்துத் தன் இஷ்டத்துக்குச் செஞ்சுக்கிடலாம். அதுக்கு மேல பிளே சர்வீசஸ்னு ஒண்ணு சம்மணம் போட்டு உக்காந்திருக்கு பாரு, அது கூகுளுக்கே சொந்தம். மத்த ஆப்பு எல்லாம் உங்கிட்ட அனுமதி கேட்டு நிக்கும். இது வீட்டுக்குள்ளயே பொறந்த மாதிரி எல்லா அறைக்கும் போகும், வெளியேத்தவும் முடியாது. நீ வேற ஓஎஸ் போடுதேன்னா, இதை எறக்கி வைக்கத்தான்.

சரி, சந்தையில என்னென்ன கிடைக்குன்னு பாப்போம். லினியேஜ் ஓஎஸ்னு ஒண்ணு. 2016 டிசம்பர்ல சயனோஜென்மாட்னு இருந்த பழைய ஓஎஸ் கடையைச் சாத்துனப்ப, அதைச் செஞ்ச ஆளுக மறுபடி கட்டினது. கம்பெனிக்காரன் கைகழுவுன பழைய போனுக்கெல்லாம் புது ஆண்ட்ராய்டு குடுக்கும், அதுல புண்ணியம் உண்டு. ஆனா பெரும்பாலான போனுல பூட்லோடரை, அதான் ஓஎஸ்ஸை எழுப்பி விடுத வாசலை, திறந்தபடியேதான் விட்டு வைக்கணும். போனு எவன் கையிலயாவது அரை மணி நேரம் சிக்குச்சுன்னா, ஓஎஸ்ஸையே கிண்டி வச்சிட்டுத் திருப்பிக் குடுத்துருவான். உனக்குத் தெரியவும் தெரியாது. அந்த லீத் புரொபசர் 2021 கடைசியில கூட்டாளிகளோட மறுபடி ஒரு சோதனை போட்டாரு: சாம்சங், சியோமி, ரியல்மி, ஹுவாவே, கூடவே லினியேஜ், ஈ ஓஎஸ். லினியேஜ்ல கூகுள் ஆப்பை ஏத்திப் பாத்தா, கூகுளுக்குப் போறது வழக்கம் போலப் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்தக் கூட்டத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தது ஈ ஓஎஸ் ஒண்ணுதான். முன்னால மாண்ட்ரேக் லினக்ஸ் செஞ்ச பிரான்சுக்காரர் கேல் டுவால் ஆரம்பிச்சது. கூகுள் சர்வீசுக்குப் பதிலா மைக்ரோஜின்னு ஒரு மாத்து ஆளை வச்சிருக்காவ. கூகுளை மட்டும் கழிச்சாப் போதும்கிறவனுக்கு அது சரி. பாதுகாப்பு அப்டேட்டுதான் கொஞ்சம் ஆடி அசைஞ்சு வரும்.

மத்ததுல சிலது ஆள் இல்லாமப் போச்சு. டைவெஸ்ட் ஓஎஸ் 2024 டிசம்பரோட மூடியாச்சு. கேலிக்ஸ் ஓஎஸ்ஸுக்கு நல்ல பேரு இருந்துச்சு. 2025 ஆகஸ்டுல தலைவரு விலகுனதும் அப்டேட்டை நிறுத்திட்டு, "இதை அழிச்சிட்டு வேறதுக்குப் போயிருங்க"ன்னு அவங்களே சொல்லிட்டாவ. நேர்மைதான், ஆனா போட்டவன் கதி? உபுண்டு டச்சை அதைப் பெத்த கம்பெனியே 2017ல விட்டுருச்சு, தன்னார்வலர்தான் தூக்கி வளக்காவ. செயில்ஃபிஷ்ஷு, நோக்கியா வேண்டாம்னு போட்டதைப் பின்லாந்துக்காரன் எடுத்து நடத்துதது. இதுலெல்லாம் ஆர்வம் உள்ளவன் எறங்கலாம், உன்னை மாதிரி மூணாம் நாள் சலிச்சுப் போறவனுக்கு ஒத்து வராது.

நம்ம பக்கத்துச் சரக்கு ஒண்ணும் உண்டு. சென்னை ஐஐடியில வளத்த பரோஸ். 2023 ஜனவரியில ரெண்டு மத்திய மந்திரிமாரு வந்து வீடியோ கால் போட்டுப் பாத்து, கை தட்டுனாவ. வாங்கும்போது ஒரு ஆப்பும் இருக்காது, வேணும்கிறதை நீயே ஏத்திக்கோன்னு ஐஐடி டைரக்டர் காமகோடி அன்னைக்கு விளக்கம் குடுத்தாரு. மொதல்ல ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்குன்னு சொல்லித்தான் குடுத்தாவ. நீ என்ன நிறுவனமா? வாடகை அறையில நாலு பேரோட படுத்திருக்கவன்.

மிச்சம் நிக்குதது கிராஃபீன் ஓஎஸ். கனடாவுல டேனியல் மைக்கேங்கிறவர் 2014ல தொடங்குனது, அப்ப பேரு காப்பர்ஹெட். 2018ல கூட்டாளிக்கும் அவருக்கும் வாய்க்கா வரப்புச் சண்டை. அப்டேட்டுக்குக் கையெழுத்துப் போடுத சாவி வேண்டாத கையில போயிரக் கூடாதுன்னு மனுசன் சாவியவே அழிச்சுட்டாரு. அந்தக் காரியம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் புதுசா கிராஃபீன்னு நடத்தினாவ. அமெரிக்கா ஒட்டுக் கேக்குத ரகசியத்தை வெளிய போட்ட ஸ்னோடனே 2019ல, நான் இன்னைக்கு ஒரு போனு தயார் பண்ணினா இதைத்தான் போடுவேன்கிற மாதிரி எழுதினாரு. அவரைத் தேடுனது அமெரிக்கா கவர்மெண்டு. உன்னைத் தேடுதது மெஸ்ஸு பாக்கிக்காரன். இருந்தாலும் நல்லது நல்லதுதான்.

இப்ப வேடிக்கை என்னன்னா, கூகுளை விட்டு ஓடணும்னா கூகுள் போனைத்தான் வாங்கணும். கிராஃபீன் பிக்சல் போனுலதான் ஓடும். சிரிக்காதலே, காரணம் இருக்கு. வேற ஓஎஸ்ஸைப் போட்ட பொறவும் பூட்லோடரைத் திரும்ப நம்ம சாவியால பூட்ட விடுத போனு அது. சாவியக் காக்க உள்ளயே தனி சிப்பு இருக்கு. பிக்சல் 8ல இருந்து ஏழு வருசம் அப்டேட்டுன்னு கூகுளே வாக்குக் குடுத்திருக்கு. ஆக, ஒட்டுக் கேக்குதவனே நல்ல பூட்டும் செஞ்சு விக்கான். துட்டை அவன் கையில குடுத்துட்டுத்தான் அவனுக்குக் கதவைச் சாத்தணும்.

உன் பெரியம்மா மவன் இதைப் போட்டப்ப இதே திண்ணையில பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரு லேப்டாப்பு, ஒரு ஒயரு, அவ்வளவுதான். போனுக்குள்ள செட்டிங்ஸ்ல பில்டு நம்பரை ஏழு தட்டுத் தட்டுனான், "நீ டெவலப்பர் ஆயிட்டே"ன்னு போனு பட்டம் குடுத்துச்சு. நாலு வருசம் காலேஜுல துட்டைக் கொட்டியும் கிடைக்காத பட்டம். ஓஇஎம் அன்லாக்கிங்கிறதைத் திறந்து விட்டான். போனை அணைச்சு, சத்தம் குறைக்கிற பட்டனை அமுக்கிக்கிட்டே எழுப்பினான். அப்புறம் கிராஃபீன் பக்கத்துல வரிசையா இருக்க பட்டனை ஒவ்வொண்ணா அமுக்க வேண்டியதுதான். அந்தப் பக்கமும் குரோம், எட்ஜு மாதிரி கூகுள் வம்சத்து பிரௌசர்லதான் வேலை செய்யும், ஃபயர்ஃபாக்ஸ்ல ஆகாது. கூகுளை வெளியேத்த கூகுளே ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. திறக்கும்போது ஒருக்க, கடைசியில பூட்டும்போது ஒருக்க, ரெண்டு தடவை உள்ள இருக்க அத்தனையும் அழியும். போட்டோவ முன்னாலயே எடுத்து வச்சிரு. கடைசியாப் போனு முழிச்சப்ப, இது வேற ஓஎஸ்ஸுன்னு மஞ்சள் எழுத்துல ஒரு எச்சரிக்கை. அது ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் வரும். உங்க பெரியம்மா அதைப் பாத்துட்டு, "அய்யய்யோ, போனைக் கெடுத்துட்டான்"னு தெருவையே கூட்டிட்டா.

இன்னொண்ணு. அமெரிக்காவுல இருந்து சித்தப்பா பிக்சல் கொண்டாந்து தாரேன்னாராமே. அது வெரைசன் கடையில வாங்குனதான்னு மொதல்ல கேளு. அங்க வாங்குன போனுல அந்தத் திறக்குத வாசலையே அடைச்சு வச்சிருப்பாவ. ஓசியில வந்துச்சுன்னு வாங்கி வச்சிட்டு அப்புறம் ஒப்பாரி வைக்காத.

போட்ட பொறவு என்ன லாபம்? எனக்குப் பிடிச்சது ரெண்டு மூணு. ஒரு ஆப்பை ஏத்தும்போதே, இதுக்கு இன்டர்நெட்டு குடுக்கவா வேண்டாமான்னு கேக்கும். வேண்டாம்னா அது எங்கயும் பேச முடியாது. டார்ச் லைட்டுக்கு எதுக்குலே இன்டர்நெட்டு? இருட்டைப் பத்திக் கலிபோர்னியாவுக்கு எழுதவா? அடுத்தது, எல்லா நம்பரையும் குடுத்தாத்தான் ஆச்சுன்னு அடம் பிடிக்கிற ஆப்பு இருக்குல்லா, அதுகிட்ட "இந்தா, குடுத்துட்டேன்"னு சொல்லும். அது உள்ள போய்ப் பாத்தா நீ எடுத்து வச்ச ரெண்டு பேரு தவிர ஒண்ணும் இருக்காது. பொய்யும் சொல்லல, உண்மையும் குடுக்கல. இதை எழுதுனவன் கட்டாயம் ஏதோ கிராமத்து ஆளாத்தான் இருக்கணும். கூகுள் பிளே வேணும்னா அதையும் ஏத்திக்கிடலாம். ஆனா சம்மணம் போட்ட ராசாவா இல்ல, மத்த ஆப்புப் போல வாசல்ல நின்னு அனுமதி கேக்க ஆளா. பூட்டுன போனை 18 மணி நேரம் யாரும் திறக்கலைன்னா அதுவே அணைஞ்சு எழுந்து, இறுக்கிப் பூட்டிக்கிடும். மிரட்டிக் கேக்கவனுக்குன்னு தனியா ஒரு நம்பர் வச்சுக்கிடலாம், அதை அமுக்குனா அத்தனையும் அழிஞ்சு போகும். உங்கம்மா கேக்கும்போது அந்த நம்பரைச் சொல்லிரலாம்னு ஒரு யோசனை இப்ப உன் மண்டையில ஓடுதுல்லா? அழிஞ்சா அழிஞ்சதுதான், திரும்ப வராது. உதையும் கூட விழும்.

பாங்கி விசயத்துலதான் கண்ணீரு. பாங்கி ஆப்பு, யுபிஐ ஆப்பு எல்லாம், இந்தப் போனு அசல் ஓஎஸ்ஸோட இருக்கான்னு கூகுள்கிட்டயே சான்றிதழ் கேக்கும். பிளே இன்டெக்ரிட்டின்னு பேரு. கிராஃபீன் எவ்வளவு யோக்கியமா இருந்தாலும் கூகுள் முழுச் சான்றிதழ் குடுக்காது. சில பாங்கி கண்டுக்கிடாது, சில பாங்கி வாசல்லயே நிறுத்தும். உன் பாங்கி எந்த ரகம்னு போனு வாங்குததுக்கு முன்னாலயே விசாரி. டீக்கடையில க்யூஆர் கோடு முன்னால போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நீ பேந்தப் பேந்த முழிக்கிறதை நான் பாக்க வேண்டாம். பாங்கியில பதிஞ்ச சிம்மை ஒரு சாதாப் போனுல போட்டு, பண விவகாரத்துக்கு மட்டும் தனியா வச்சுக்கிட்டா நிம்மதி. என்கிட்ட பட்டன் போனுதான், யுபிஐ 123 பேன்னு 2022ல ரிசர்வ் பாங்கு கொண்டு வந்ததுல ரேசன் கடைக்காரனுக்குக்கூட அனுப்பிருவேன். ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரைக்கும் போகும். அவ்வளவு துட்டு எங்கிட்டக் கிடையாதுங்கிறது வேற கதை.

பட்டன் போனு பத்திரம்னு நினைச்சு அதுக்கு மாறிராத. இதுல வார எஸ்எம்எஸ்சை வழியில இருக்க கம்பெனிக்காரன் அப்படியே படிக்கலாம். எந்த டவருக்குக் கீழ நிக்கேங்கிறதும் அவனுக்குத் தெரியும். உன் கிராஃபீன் போனுலயும் அது தெரியும்லே. சிம்மைப் போட்டா டவருக்கு வணக்கம் வச்சுத்தான் ஆகணும், அந்தச் சிம்மை நீ வாங்குனதே கை ரேகை வச்சுத்தான். போனுக்குள்ள யாரு நடமாடலாம்கிறதுதான் ஓஎஸ்ஸு கையில இருக்கு, வெளிய போயி நீ உளறுதது அதுக்குக் கட்டுப்படாது.

உளறுததுல நீ ராசா. துணிக்கடையில பில்லுப் போடுத பிள்ளை, "சார், மொபைல் நம்பர்"னு கேட்டதும் பத்து எண்ணையும் மந்திரம் போல ஒப்பிச்சுட்டு வார. ஜெராக்ஸ் கடைக்காரன் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி, பிரிண்டு எடுத்துட்டு, அதை அழிக்கச் சொல்லாம வந்துருவ. உனக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்டு 24ல சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது நீதிபதி ஒரே குரல்ல சொன்னாவல்லா, அந்தக் கேசைப் போட்டது யாரு? கர்நாடகாவுல ரிட்டையர் ஆன நீதிபதி புட்டசாமி. 2012ல கேசு போடும்போதே எண்பதைத் தாண்டின கிழவன். எங்களை மாதிரி ஒரு கிழவன் வாங்கிக் குடுத்த சொத்தைத்தான் நீ ஜெராக்ஸ் கடையில விட்டுட்டு வார.

பிக்சலைப் பத்தி இன்னொரு கூத்தையும் கேளு. ஸ்பெயின்ல கட்டலோனியா பக்கம், பிக்சல் போனைக் கண்டாலே போதை மருந்து விக்கவனோன்னு போலீசுக்குச் சந்தேகம் வருதுன்னு 2025ல பத்திரிகையில வந்துச்சு. நம்ம ஊரு போலீசுக்கு அவ்வளவு வெவரம் இன்னும் வரல, ஹெல்மெட்டு போட்டுக்கிட்டுப் போனாப் போதும்.

என் தீர்ப்பைக் கேட்டுக்கோ. கையில துட்டு இருந்து, பாங்கி விவகாரத்தையும் சரி பண்ணிட்டேன்னா, பிக்சல் எட்டோ அதுக்கு மேலயோ வாங்கி கிராஃபீனைப் போடு. இன்னைக்கு இருக்கதுல அதுதான் உருப்படி. போட்ட அன்னைக்குச் சாயங்காலமே இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் ஏத்தி, கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்குறதா இருந்தா, அந்தத் துட்டுக்கு ஒரு கறவை மாடு வாங்கி எனக்கு அனுப்பு. துட்டு இல்லாட்டி இருக்க போனுலயே விளம்பர ஐடியை அழி, லொகேஷன் வரலாறையும் வெப் ஆக்டிவிட்டியையும் நிறுத்து, ஆறு மாசமாத் தொடாத ஆப்பைத் தூக்கு, கேமராவும் மைக்கும் எவன் எவனுக்குக் குடுத்திருக்கேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்துப் பிடுங்கு. செலவு ஒரு டீ. பழைய போனுல அப்டேட்டே நின்னு போச்சுன்னா மட்டும் லினியேஜ் பக்கம் போ. எதைப் போட்டாலும், அதுக்குப் போன மாசம் பாதுகாப்பு அப்டேட் வந்துச்சான்னு பாத்துட்டுப் போடு. பேரு, லோகோ, யூட்யூப்ல எவனோ போட்ட கூப்பாடு, இதை எல்லாம் பாத்து ஏமாறாத.

புதுப் போனு வாங்குனதும் உன் பழைய போனை எனக்குக் குடுத்துரு. நான் வில்லுப்பாட்டு பாக்கணும். எழுபத்தஞ்சு வயசுக் கிழவன் சுடலைமாடன் கதை கேக்கான்னு கூகுளுக்குத் தெரிஞ்சா எனக்கு ஒரு நட்டமும் இல்ல. அடுத்து நல்லதா ஒரு கதையை அவனே எடுத்து வைப்பான். அனுப்புததுக்கு முன்னால ஃபேக்டரி ரீசெட் போட்டு அனுப்பு, சார்ஜரையும் சேத்து வை, பார்சல்ல உடையாமப் பழைய துணியில சுத்தி ஸ்பீடு போஸ்ட்ல போடு.